அண்ணத்தை மூடிய பிறகும் 'அப்பா' ஏன் வரவில்லை?

செந்தூலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். உதடு நன்றாக இருந்தது, மேலண்ணம், அதாவது வாயின் மேற்பகுதி, மட்டும் பிளந்து பிறந்தவன். 11 மாதத்தில் அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து அண்ணத்தை மூடியாயிற்று. 'அம்மா', 'மாமா', 'ஆயா' எல்லாம் தெளிவாகச் சொல்கிறான். 'அப்பா' வரவில்லை, அப்பாவையும் 'அம்மா' என்றே கூப்பிடுகிறான். 'காக்கா', 'தாத்தா' இரண்டும் தொண்டையில் முட்டி முட்டி 'ஆ... ஆ' என்று ஒரே மாதிரி வருகின்றன. மாமியார் வசம்பு உரசி நாக்கில் தடவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் பலூன் ஊதப் பழக்கச் சொல்கிறார்கள். இன்னொருவர் வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள் என்கிறார். தாமதமாகச் செய்துவிட்டோமோ, மறுபடியும் ஆபரேஷன் என்பார்களோ என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை.

நான் கோலாலம்பூரில் பேச்சுச் சிகிச்சையாளராக இருக்கிறேன். ஏறக்குறைய இதே கேள்வியோடு தாய்மார்கள் என்னிடம் வந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்னொரு ஆபரேஷன் என்று இப்போதே பயப்பட வேண்டாம். அதற்காக 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடவும் கூடாது. அவன் பேச்சில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கலாம். ஒன்றை அறுவைச் சிகிச்சை நிபுணர்தான் தீர்க்க முடியும். மற்றொன்றைப் பழக்கித்தான் தீர்க்க முடியும். எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அது நடக்காமல் வருடக் கணக்கில் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தாமதம் என்ற கவலையை முதலில் இறக்கி வையுங்கள். 2023இல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. பிரிட்டன், ஸ்காண்டிநேவிய நாடுகள், பிரேசில் ஆகிய இடங்களில் அண்ணம் மட்டும் பிளந்து பிறந்த 558 குழந்தைகளில் ஒரு பாதிக்கு 6 மாதத்திலும் மறு பாதிக்கு 12 மாதத்திலும் அண்ணத்தை மூடினார்கள். 5 வயதில் பேசவிட்டுப் பார்த்தபோது, பேச்சுக்கு அண்ணம் போதிய அளவு வேலை செய்யாத பிள்ளைகள் 6 மாதக் குழுவில் 8.9 விழுக்காடு, 12 மாதக் குழுவில் 15 விழுக்காடு. முன்னதாகச் செய்ததில் லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 12 மாதத்தில் செய்தவர்களிலும் நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்கு அண்ணம் நன்றாகவே வேலை செய்தது. 6 மாதத்தில் மயக்க மருந்து கொடுப்பதற்குக் குழந்தையின் எடை, மூச்சு, இதயம் எல்லாம் ஒத்துவர வேண்டும். எல்லா இடத்திலும் எல்லாக் குழந்தைக்கும் அது முடியாது. உங்கள் மகனுக்குச் செய்த 11 மாதம் வழக்கமான வயதுதான். கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது, கத்தியைத் தொட்டதால் வந்தது என்று யாராவது உங்கள் காதில் போட்டிருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள். கருவில் அண்ணத்தின் இரு பாதிகளும் நடுவில் வந்து சேர்வது 12ஆம் வாரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கும் நீங்கள் கத்தியைத் தொட்டதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சரி, 'அம்மா' வருகிறது, 'அப்பா' ஏன் வரவில்லை?

வாயின் மேற்பக்கத்தை நாக்கால் முன்னிருந்து பின்னாகத் தடவிப் பாருங்கள். முன்னால் கெட்டியாக இருப்பது வல்லண்ணம், பின்னால் மெத்தென்று இருப்பது மெல்லண்ணம். பேசும்போது இந்த மெல்லண்ணம் ஒரு கதவு மாதிரி வேலை செய்கிறது. மேலே எழும்பித் தொண்டையின் பின்சுவரைத் தொட்டால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும், காற்று முழுவதும் வாய் வழியாக வரும். கீழே இறங்கினால் காற்று மூக்கு வழியாகவும் போகும். பள்ளியில் படித்த வல்லினம், மெல்லினம், இடையினம் இங்கே அப்படியே பொருந்துகிறது. மெல்லின எழுத்துகளான ங, ஞ, ண, ந, ம, ன ஆறுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். க, ச, ட, த, ப போன்ற வல்லினத்துக்கு அது இறுக மூடியிருக்க வேண்டும். வாய்க்குள் காற்று அழுத்தமாகச் சேர்ந்து, பிறகு விடுபட்டால்தான் 'ப்பா' என்ற வெடிப்பு வரும். ய, ல, வ போன்ற இடையினத்துக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. இப்போது உங்கள் மகன் சொல்லும் மூன்று சொற்களையும் பாருங்கள். 'அம்மா', 'மாமா' மெல்லினம். 'ஆயா' இடையினம். பிளவு இருந்தாலும் வரக்கூடிய ஒலிகள் இவைதான். அதனால்தான் 'பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறான்' என்று பல வீடுகளில் ஒரு வருடம் வீணாகிறது.

பிளவோடு பிறந்த குழந்தைக்கு ஓட்டை மட்டும் பிரச்சினை இல்லை. மெல்லண்ணத்தைத் தூக்கும் தசைகள் இரு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் ஒன்றாகச் சேர வேண்டியவை. பிளவு இருந்தால் அவை சேராமல், வல்லண்ணத்தின் பின்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்க ஆள் இருந்தும் பிடி தப்பான இடத்தில். நிபுணர் ஓட்டையை மூடுவதோடு இந்தத் தசைகளைப் பிரித்து, பின்னுக்குத் திருப்பி, நடுவில் சேர்த்தும் தைக்கிறார். வெளியில் இருந்து பார்க்கும் நமக்கு மூடியிருப்பதுதான் தெரியும். அது போதிய நீளம் இருக்கிறதா, பேசும்போது எழும்புகிறதா என்பது பேச்சைக் கேட்டால்தான் தெரியும்.

மற்றக் குழந்தைகள் ஏழெட்டு மாதத்தில் 'பாபாபா', 'தாதாதா' என்று விளையாடத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் உங்கள் மகனால் வாய்க்குள் காற்றை நிறுத்த முடியவில்லை, எல்லாம் மூக்கில் கசிந்துபோனது. பேச ஆசை மட்டும் நிறைய இருந்தது. அதனால் கசிவுக்குக் கீழே, காற்றை நிறுத்த முடிந்த ஒரே இடத்தில் அவன் நிறுத்தப் பழகியிருப்பான்: குரல்வளையில். 'காக்கா' சொல்லும்போது கேட்கும் அந்த முட்டல் இதுதான். 'தாத்தா', 'காக்கா' இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதும் இதனால்தான், இரண்டின் வல்லினத்தையும் அவன் ஒரே இடத்தில் செய்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைதான் இப்படி ஒரு வழி கண்டுபிடிக்கும். ஆனால் அது பழக்கமாகிவிட்டால், அண்ணத்தை மூடிய பிறகும் தொடரும். எத்தனை ஆபரேஷன் செய்தாலும் இந்தப் பழக்கம் மாறாது. மாற்றுவது பேச்சுச் சிகிச்சையின் வேலை.

அடுத்த சிக்கல், கதவே முழுதாக மூடாதது. 'அப்பா'வுக்கு 'அம்மா' வருவதற்கு அது காரணமாக இருக்கலாம். இல்லை, கதவு நன்றாக இருந்தும் அதைப் பயன்படுத்த அவன் இன்னும் கற்றுக்கொள்ளாமல் இருக்கலாம். வீட்டிலேயே ஓரளவு கவனிக்கலாம். சின்னக் கைக்கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, அவன் மூக்குக்குக் கீழே பிடித்து, 'பூ', 'பப்பூ', 'தாத்தா' என்று விளையாட்டாகச் சொல்ல வையுங்கள். மூச்சு விடும்போது கண்ணாடி மங்குவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சொல் வரும் அந்தக் கணத்தில் மங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். 'மாமா' சொன்னால் மங்கத்தான் வேண்டும். இன்னொரு வழி, அதே சொல்லை ஒருமுறை சும்மாவும் ஒருமுறை மூக்கை மெதுவாக மூடியும் சொல்ல வைப்பது. 'பூ பூ' இரண்டு தடவையும் ஒரே மாதிரி கேட்டால் நல்லது. மூக்கை மூடியதும் குரல் தெளிந்தால் காற்று மூக்கில் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். இரட்டித்து வரும் 'ப்ப', 'த்த', 'க்க' உள்ள சொற்களைக் கேளுங்கள். தமிழில் நடுவில் ஒற்றையாக வரும் 'க', 'த' இளகித்தான் ஒலிக்கும், 'அது', 'முகம்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அங்கே கசிவு சரியாகத் தெரியாது.

இந்த வயதில் இதை வைத்து நீங்களே முடிவுகட்டக் கூடாது. நாங்களும் கட்டுவதில்லை. சாப்பிட்ட சோறோ பாலோ இன்னும் மூக்கில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வந்தால், தைத்த இடத்தில் சின்ன ஓட்டை விழுந்திருக்கலாம். அதை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை வைத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கதவு மூடுகிறதா என்று உறுதியாகப் பார்க்க மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டும், பேசும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுத்தும் சோதிப்பார்கள். ஒத்துழைக்கும் வயது வேண்டும் என்பதால் பொதுவாக மூன்று நான்கு வயதுக்கு மேல்தான் செய்வார்கள். இதில் பெற்றோர் பலருக்குச் சொல்லப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. குரல்வளையில் காற்றை நிறுத்தும் பிள்ளைக்கு மெல்லண்ணம் எழும்ப வேண்டிய அவசியமே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையைச் சோதித்தால் அண்ணம் அசையாமல் கிடப்பதுபோல் படத்தில் தெரியும், இன்னொரு ஆபரேஷன் தேவை என்று தோன்றும். அதே பிள்ளைக்கு வல்லின ஒலிகள் இரண்டு மூன்றையாவது சரியான இடத்தில் சொல்லப் பழக்கிய பிறகு பார்த்தால், அண்ணம் எழும்பி நிற்கலாம். அதனால் முதலில் ஒலி, பிறகு சோதனை, அப்புறம்தான் ஆபரேஷன் பற்றிய பேச்சு. ஒலிகளைச் சரியான இடத்தில் சொல்லியும் மூக்கில் காற்று போய்க்கொண்டே இருந்தால், அங்கே சிகிச்சை வகுப்பை மாதக் கணக்கில் நீட்டிப் பயனில்லை. அது கத்தி தீர்க்க வேண்டிய பிரச்சினை, அந்த அறுவைச் சிகிச்சை பல பிள்ளைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது.

பேச்சுப் பயிற்சியில் உட்காருவதற்கு முன் காதைப் பாருங்கள். அண்ணத் தசைகளில் ஒன்றுதான் நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறந்துவிடுகிறது. அது சரியாக வேலை செய்யாததால் அண்ணப் பிளவுக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு நடுக்காதில் நீர் கட்டுகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஆனால் 'பாட்டி'யும் 'தாத்தா'வும் அவனுக்கு மங்கலாகக் கேட்கும். பிறந்தபோது செய்த காது சோதனையில் தேறிவிட்டான் என்பது இன்றைக்குச் செல்லாது. கடந்த ஆறு மாதத்தில் பார்க்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நீர் நீடித்து நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் செவிப்பறையில் கிரோமெட் என்ற சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. எல்லா எழுத்தையும் ஒன்றாகத் தொடாதீர்கள், 'ப' மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதடு கண்ணுக்குத் தெரிவதால் குழந்தைக்கு அதுதான் எளிது. தரையில் எதிரெதிரே உட்காருங்கள். டிஷ்யூவை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து உங்கள் உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, குரல் இல்லாமல், ரகசியம் சொல்வதுபோல் 'ப்... ப்' என்று சொல்லுங்கள். டிஷ்யூ துள்ளும். அவன் சிரிப்பான், தானும் பிடிப்பான். குரலோடு சொல்லச் சொன்னால் உடனே தொண்டை முட்டலுக்குப் போய்விடுவான். ரகசியமாகச் சொன்னால் தொண்டை திறந்தே இருக்கும். அது வந்த பிறகு ஒரு பெருமூச்சைச் சேர்த்து 'ப்-ஹா' என்று பழக்குங்கள். நாள் போகப் போக அந்த 'ஹ' தானாகத் தேய்ந்து 'பா' ஆகும். இன்னொரு குறுக்கு வழி, அவனுக்கு நன்றாக வரும் 'மா'வில் தொடங்குவது. 'மா மா மா' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது உங்கள் மூக்கை நீங்கள் மூடிக் காட்டுங்கள், ஒலி 'பா' பக்கம் மாறும். பொம்மையின் மூக்கையும் மூடுங்கள். அவனே ஆசைப்பட்டுத் தன் மூக்கைப் பிடிக்கட்டும், நீங்கள் பலவந்தமாகப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு முகத்தைத் தொட்டாலே பயம் வரும்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் தமிழ்க் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 'பந்து', 'தம்பி', 'பழம்', 'பாம்பு' என்று கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். இவற்றில் எல்லாம் மெல்லினம் கலந்திருக்கிறது. ஒரே சொல்லுக்குள் கதவு மூடித் திறக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்தில் பிள்ளை முழுச் சொல்லையும் மூக்கிலேயே சொல்லிவிடுவான். மெல்லினம் இல்லாத சொற்களைப் பொறுக்குங்கள்: பூ, பல், பாய், பை, பாப்பா, அப்பா. பிறகு 'த', 'ட' வரும்போது தாத்தா, தட்டு, பாட்டி, தோடு. 'க' பின்னால் வரட்டும்: கை, காது, காக்கா, அக்கா. 'ச' கடைசியில். சொல் கைவந்ததும் 'பாட்டி தட்டு', 'காக்கா கத்துது' என்று இரண்டு இரண்டாகக் கோக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் நாளில் நாலைந்து தடவை: பசியாறும்போது, குளிக்கும்போது, காரில் போகும்போது. மற்ற நேரத்தில் அவன் எப்படிச் சொன்னாலும் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். 'ஆ-ஆ' என்று காட்டினால், 'ஆமாம், காக்கா! காக்கா பறக்குது' என்று சரியான ஒலியை அவன் காதில் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். 'சரியாச் சொல்லு' என்று நாள் முழுக்கத் திருத்தினால் பேசுவதையே குறைத்துக்கொள்வான். அது ஒலிப்பிழையைவிடப் பெரிய நஷ்டம்.

பலூன், விசில், உறிஞ்சு குழல் எல்லாம் விளையாட்டாக இருக்கட்டும். ஊதினால் அண்ணம் பலப்பட்டுப் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊதும்போது அண்ணம் செய்யும் வேலை வேறு, பேசும்போது செய்யும் வேலை வேறு. டிஷ்யூ விளையாட்டில் பலன் இருப்பது அதில் உண்மையான 'ப' ஒலி இருப்பதால்தான்.

வசம்பு வேண்டாம். அதில் பீட்டா-அசரோன் என்ற நச்சுத்தன்மை கொண்ட பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968இலேயே உணவில் சேர்க்கத் தடை செய்துவிட்டார்கள். நாக்கிலும் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் மாமியாரிடம் 'அதெல்லாம் தப்பு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பகலில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் அவர்தான் என்றால், டிஷ்யூ விளையாட்டை அவரிடம் கொடுங்கள். பேரனுக்குப் பேச்சு வரவேண்டும் என்ற தவிப்பில்தான் அவர் வசம்பைத் தேடுகிறார். என்னிடம் வரும் பிள்ளைகளில் வேகமாக முன்னேறுபவர்கள் பலர் பாட்டி கூடவே வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிள்ளைகள்.

மொழி விஷயத்தில் குழம்ப வேண்டாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் காதில் விழுவதால் பிளவுப் பிள்ளைக்குப் பேச்சு கெடுவதில்லை. 'ப' ஒரு மொழியில் வந்துவிட்டால் மற்ற மொழிச் சொற்களுக்கும் உதவும். உங்களுக்கு எது சரளமோ அதில் நிறையப் பேசுங்கள். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், நம் நாட்டில் அது சகஜம். அதற்காக வீட்டில் மொழியை மாற்றாதீர்கள்.

எங்கே போவது? ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலேயே பேச்சுச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை மூன்றிலும் அறுவை நிபுணர், காது மூக்குத் தொண்டை மருத்துவர், பல் சீரமைப்பு நிபுணர், பேச்சுச் சிகிச்சையாளர் எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பை 1995இல் தொடங்கியது தேசியப் பல்கலைக்கழகம். அதன் கோலாலம்பூர் வளாகத்திலும் விசாரிக்கலாம். அரசாங்கத்தில் வரிசை நீளம், அதனால் இன்றே பெயரைக் கொடுத்து வையுங்கள். தனியாரிடம் போனால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தவரா, அண்ணப் பிளவுப் பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளர் எல்லோருக்கும் இதில் பழக்கம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பின்னாளில் அவனுக்குச் சளி, குறட்டை என்று போகும்போது யாராவது அடினாய்டு சதையை எடுத்துவிடலாம் என்று சொல்லக்கூடும். அந்தச் சதை மூக்கின் பின்புறம் இருக்கிறது. அண்ணம் குட்டையாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கதவு மூடுவதற்கு அதுவே பாதி துணை. அதை முழுதாக எடுத்தால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை மூக்கில் பேச ஆரம்பித்துவிடலாம். அண்ணப் பிளவு ஆபரேஷன் ஆன பிள்ளை என்பதை முதலில் சொல்லுங்கள், அண்ணத்தைப் பார்த்த குழுவைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது அவன் வீட்டில் விளையாடிக்கொண்டே பேசுவதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் இந்த வயதுப் பிள்ளை வாயே திறக்காது. அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: தமிழ்ச் சொல், அவன் வாயில் அது எப்படி வருகிறது, மலாயிலோ ஆங்கிலத்திலோ அதன் பொருள். தமிழ் தெரியாத சிகிச்சையாளரும் அந்தத் தாளைப் பார்த்தால், எந்த ஒலி தொண்டையில் முட்டுகிறது, எது மூக்கில் போகிறது என்று முதல் சந்திப்பிலேயே பிரிக்கத் தொடங்கிவிடுவார்.